பட்டியில் நின்ற கார்கள்

என் தம்பி வேடியப்பனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒரு பழைய மொபெட் வைத்திருக்கிறான். ஏற்றம் வந்தால் அதையும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். ஆனால் ஏற்காட்டில் கோடைக் கால்பந்துப் போட்டி நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில், சேலத்திலிருந்து மலையேறி வருகிற கார்க்காரர்கள் அவனைத்தான் தேடுகிறார்கள். அது எப்படி வந்தது என்பதை எழுதுகிறேன். நான் அவனுக்கு அக்கா. நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

மைதானம் ஏற்காட்டைத் தாண்டி எங்கள் ஊரான செம்மநத்தத்துக்குப் போகிற சாலையில் இருக்கிறது. ஒரு காலத்தில் எஸ்டேட் ஆட்கள் விளையாடச் சமப்படுத்திய இடம். இப்போது சிமெண்டுப் படிகள் கட்டி, கம்பிவலை அடித்து, வாசலில் ஸ்டேடியம் என்று எழுதியிருக்கிறார்கள். படி கட்டியவர்கள் வண்டி நிறுத்த இடம் விடவில்லை. விடுவதற்கு அங்கே இடமும் இல்லை. சாலையின் ஒரு ஓரம் சரிவு, மறு ஓரம் மேடு. நடுவில் ஒரு பஸ் போகிற அகலம். எதிரில் ஜீப் வந்துவிட்டால் இரண்டில் ஒன்று பின்னால் போயாக வேண்டும்.

மைதானத்துக்கு மேல்புறம் எங்கள் அப்பா வைத்துவிட்டுப் போன நிலம் இருக்கிறது. எங்கள் பேச்சில் காடு என்போம். அந்தப் பக்கத்தில் சமமாக இருக்கிற நிலம் அது ஒன்றுதான். ஆனி மாதம் சாமை விதைப்போம். அறுவடைக்குப் பிறகு அடுத்த விதைப்பு வரை சும்மா கிடக்கும். சுற்றிலும் மண் கரையாமல் இருக்க அப்பா கட்டிய கல்கட்டு. சாலைப் பக்கம் மாட்டு வண்டி நுழைகிற அளவுக்கு ஒரு கடவு.

வேடியப்பன் எட்டாவது வரை படித்தான். அதற்குப் பிறகு மாடு மேய்த்தான். ஊரில் பல வீட்டு மாடுகளும் அவன் கையில்தான் இருந்தன. எதையும் ஒழுங்காகச் செய்வான். அவன் அடுக்கிய விறகின் முனைகள் கயிறு பிடித்ததுபோல ஒரே நேராக இருக்கும். மாடுகளைப் பட்டி அடைப்பதில் அவனுக்கு ஈடாக எங்கள் ஊரில் ஆள் இல்லை என்பதை அவன் அக்கா என்பதற்காக நான் சொல்லவில்லை, ஊரே சொல்லும். சும்மா கிடக்கிற நிலத்தில் மூங்கில் படல் கட்டி, ராத்திரி மாடுகளை உள்ளே அடைப்பதைத்தான் பட்டி என்கிறோம். சாணமும் கோமியமும் நிலத்துக்கு உரம். மாடுகளை இடைவெளி விடாமல், விலாவோடு விலா ஒட்டும்படி நிறுத்த வேண்டும். அப்போதுதான் உரம் எல்லா இடத்திலும் சீராக விழும். மாட்டுக்கும் குளிர் தெரியாது. காலையில் வாசல் படலை எடுத்தால் முன்னால் நிற்கிற மாடு வெளியே வரும், மற்றவை அதன் பின்னாலேயே வந்துவிடும்.

அவன் மனைவி அமுதவல்லி ஏற்காட்டில் ஒரு ஹோட்டலில் சமையலறை வேலைக்குப் போகிறாள். காப்பி பறிப்பு சில மாதங்களோடு முடிந்துவிடும். ஹோட்டல் வேலை வருஷம் முழுவதும் உண்டு. காலை பஸ்ஸில் போய் சாயங்கால பஸ்ஸில் திரும்புவாள். சாயங்காலத்துக்கு எங்கள் ஊருக்கு அந்த ஒரு பஸ்தான்.

போன கோடையில் போட்டியின் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த பஸ் வரவில்லை. இருட்டுகிற நேரத்தில் அமுதவல்லி நடந்து வந்தாள். அவளோடு ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர். எல்லோருடைய செருப்பும் கையில் இருந்தது.

"மைதானத்துக்கிட்ட ரோட்டுல ரெண்டு பக்கமும் காருங்க்கா," என்றாள். "மாதப்பண்ணன் ஹாரன் அடிச்சு அடிச்சு பஸ்ஸுக்கே தொண்ட கட்டிப்போச்சு. கடைசியில எல்லாரும் எறங்கிட்டோம். பாதி வழியில காட்டெருமை ரோட்டுல நிக்குது. அது எங்களப் பாக்குது, நாங்க அதப் பாக்கறோம். அதுக்கும் பஸ் வல்லயோ என்னமோ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கால் கழுவப் போனவள் துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை பஸ் வந்து நின்றதும் டிரைவர் மாதப்பன் இறங்கி வந்து வேடியப்பனிடம் சொன்னார். அவர் மாரமங்கலத்துக்காரர், எங்களுக்குத் தூரத்து உறவு.

"டிப்போவுல பேசிக்கறாங்க வேடியா. இன்னொருக்கா இப்பிடி ரோடு அடஞ்சுதுன்னா, ஆட்டம் நடக்கற நாளெல்லாம் சாயங்கால ட்ரிப்பு ஏற்காட்டோட சரி. இதுக்கு மேல வராது."

பஸ்ஸில் ஏறப் போன அமுதவல்லி படியிலேயே நின்று கேட்டாள். "அப்ப நாங்க எப்பிடிங்ணா ஊடு வர்றது?"

"அத என்னையக் கேட்டா நான் என்ன சொல்லட்டும் அம்மணி?"

ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம். அன்றைக்கு லீவு கேட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக ஏற்கெனவே ஒரு முறை சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி தங்குவதற்கும் அங்கே இடம் கிடையாது. பஸ் நின்றால் அவள் வேலையும் நிற்கும். இதை யாரும் விளக்கிச் சொல்லவில்லை. அவளுக்கும் வேடியப்பனுக்கும் தெரிந்திருந்தது.

அன்றைக்கே வேடியப்பன் போட்டிக் கமிட்டித் தலைவர் பழனிசாமியைப் பார்க்கப் போனான். அவருக்கு ஏற்காட்டில் மிளகு, தேன், கம்பளி விற்கிற கடை. சேலத்திலிருந்து வந்து குடியேறிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன.

"எங்க காடு சும்மாதானுங்ணா கெடக்குது. காருங்கள அங்க உடுங்க. ரோடு மட்டும் எனக்குக் காலியா இருக்கோணும்."

"எத்தன வண்டி புடிக்கும்?"

"நாப்பது அம்பது மாடு அடச்ச எடமுங்க."

"மாடு வேற, காரு வேறப்பா."

"நெருக்கி நிறுத்துனா எல்லாம் ஒண்ணுதானுங்க."

பழனிசாமிக்கு இடம் கிடைத்தால் போதுமென்று இருந்தது. சரி என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி ஆட்டம். வேடியப்பன் காலையிலேயே போய்க் கற்களைப் பொறுக்கி, முள்ளை வெட்டி நிலத்தைச் சுத்தம் செய்தான். கமிட்டி ஆட்கள் மைக்கில் சொன்னார்கள். சாலையில் நின்று கார்களைத் திருப்பிவிட்டார்கள். அவன் கடவில் மாட்டுக்கோலோடு நின்றான். முதல் காரை மேல்மூலையில் கல்கட்டை ஒட்டி நிறுத்தச் சொன்னான். அடுத்ததை அதன் விலாவில். அதற்கடுத்ததை அதன் விலாவில். டிரைவர்கள் கதவைத் திறக்க முடியாமல் அடுத்த பக்கத்துக் கதவு வழியாக இறங்கினார்கள். ஒரு கார் தயங்கியபோது அதன் பின்புறத்தில் கையால் இரண்டு தட்டுத் தட்டினான்.

"ஏம்ப்பா, எருமைன்னு நெனச்சியா?" என்று உள்ளே இருந்தவர் கேட்டார்.

"இல்லீங்க. எரும இன்னேரம் போயிருக்கும்," என்றான்.

நிலம் நிறைந்தது. மேட்டில் ஏறிப் பார்த்தேன். வரிசை பிசகாமல் நின்றன. ஒரு சாண் இடம் வீணாகவில்லை. சாலை காலியாக இருந்தது. மைதான வாசலில் பழனிசாமியின் ஜீப் மட்டும் வழக்கம்போல நின்றது. சாயங்காலம் பஸ் அதை ஒட்டி ஒதுங்கிப் போய்விட்டது. ஜன்னலோரம் இருந்த அமுதவல்லி எங்களுக்குக் கை காட்டினாள். அவன் பதிலுக்குக் கோலைத் தூக்கிக் காட்டினான். அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த சிரிப்பை அவன் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

பஸ் போன சிறிது நேரத்தில் ஆட்டம் முடிந்தது. எல்லோரும் நிலத்துக்கு வந்தார்கள். அப்போதுதான் தெரிந்தது. கடவை அடைத்துக்கொண்டு கடைசியாக நின்றது ஒரு வெள்ளைக் கார். அது வெளியே வந்தால்தான் அடுத்தது வர முடியும். அடுத்தது வந்தால்தான் அதற்கடுத்தது. வெள்ளைக் காரின் சொந்தக்காரரைக் காணோம்.

மைக்கில் வண்டி நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வரவில்லை. ஒருவர் வேடியப்பனைப் பிடித்துக்கொண்டார்.

"யாருய்யா இப்பிடி நிறுத்தச் சொன்னது? நடுவுல வழி உடணும்னு தெரியாதா?"

"கடவுல நிக்கறது மொதல்ல போயிருமுங்க. அப்பறம் எல்லாம் வந்துருமுங்க."

"அது போவலயே!"

"போவோணுமுங்க," என்றான். அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. பட்டியில் வாசலில் நிற்கிற மாடு படலைத் திறந்த பிறகும் நின்றதாக அவன் பார்த்ததே இல்லை.

நன்றாக இருட்டிய பிறகு வெள்ளைக் காரின் சொந்தக்காரர் மனைவியோடு வந்தார். வசந்த் என்று பெயர். அவர் ஆட்டம் பார்க்க வந்தவரே இல்லை. ஏரியில் படகு விட வந்தவர். ஏரிக்குப் பக்கத்தில் இடம் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி இங்கே வந்து நிறுத்திவிட்டு, ஆட்டோ பிடித்துப் போயிருக்கிறார். அவரை எல்லோரும் திட்டினார்கள். திட்டி முடித்துவிட்டு வேடியப்பனையும் திட்டினார்கள். அவன் கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு கார் வெளியே போகும்போதும் கும்பிட்டான்.

மறுநாள் பழனிசாமி ஆள் விட்டுக் கூப்பிட்டார். செல்போனை எடுத்துக் காட்டினார்.

"நேத்து மாட்டுனவனெல்லாம் வாட்ஸப்புல எழுதறான். பைனலுக்குப் போறவங்க காட்டுக்குள்ள உடாதீங்க, ரோட்டுலயே நிறுத்துங்கன்னு. மைக்குல நான் கத்துனாலும் ஒருத்தனும் உள்ள வரமாட்டான். பேசாம உட்ரு வேடியப்பா."

"பைனலன்னைக்குத்தானுங்ணா கூட்டம் நொம்ப வரும். பஸ்ஸு?"

"அதுக்கு நான் என்ன பண்றது?"

வீட்டுக்கு வந்தவன் சோறு தின்றான், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான். அடுத்த நாள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போனான். பின்னால் நானும் போனேன். கீழ்ப்பக்கம், கடவுக்கு நேர் எதிரில், சாலை வளைந்து மறுபடி நிலத்தை ஒட்டி வருகிற இடத்தில், அப்பா கட்டிய கல்கட்டைப் பிரிக்க ஆரம்பித்தான்.

"மழ வந்தா மண்ணு கரஞ்சு போயிருமே," என்றேன்.

"வாரதுக்குள்ள கட்டிருவன்க்கா. உள்ள போறதுக்கு ஒரு வழி, வெளிய வர்றதுக்கு ஒரு வழி இருந்தா எவனும் எவனுக்காகவும் நிக்க வேண்டியதில்ல."

பிரித்த கற்களை அவன் குவிக்கவில்லை. எந்தக் கல் எந்தக் கல்லுக்கு மேல் இருந்ததோ அதே வரிசையில் தரையில் பரப்பி வைத்தான். அடிக்கல் ஒரு வரிசை, அதற்கு மேல்கல் அடுத்த வரிசை. நானும் தூக்கிக் கொடுத்தேன். பிறகு நடுவில் வண்டி போகிற அகலத்துக்கு வழி விட்டு, இரண்டு பக்கமும் சுண்ணாம்பால் கோடு போட்டான். முன்னே நின்றதில் பாதிக்கு மேல் கொஞ்சம்தான் இப்போது நிற்கும்.

அன்றைக்குச் சாயங்காலம் அமுதவல்லி அதைப் பார்த்துவிட்டு, "வழியெல்லாம் சரிதானுங்க. உள்ள வரோணுமே?" என்றாள்.

"அதான் தெரியல."

அவள் சாலையைப் பார்த்தாள். மைதான வாசலையும் பார்த்தாள். "வெளிய வர்றதுக்குத்தான் காரு மாடு மாதிரி இல்ல. உள்ள போறது மாடு மாதிரிதானே போச்சு? ஒண்ணு போன எடத்துக்குத்தானே எல்லாம் போச்சு?" என்றாள்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் அவள் நேராகப் பழனிசாமி கடைக்குப் போனாள். வேடியப்பனும் நானும் அங்கே இருந்தோம். கடையில் இரண்டு மூன்று பேர் மிளகு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்ணா, நாளைக்கு உங்க ஜீப்பு எங்க நிக்கும்?" என்று கேட்டாள்.

"எங்க நிக்கும்? கேட்டு முன்னாலதான். கப்பு, பந்து, சோடா எல்லாம் எறக்கோணுமில்ல."

"அதப் பாத்துத்தானுங்க அத்தன பேரும் ரோட்டுல நிறுத்தறாங்க."

"என்ர ஜீப்பப் பாத்து எவன் நிறுத்தறான்?"

"முன்னால போறது எங்க நிக்குதோ, பின்னால வர்றதும் அங்கதானுங்க நிக்கும். மாடு அப்பிடித்தான்."

பழனிசாமி தராசைக் கீழே வைத்தார். "இந்தா, என்னைய மாடுங்கறயா?"

"உங்களையில்லீங்க. ஜீப்பச் சொன்னேன்."

மிளகு வாங்க வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். பழனிசாமி அவரை முறைத்தார். பிறகு தராசை எடுத்து மிளகை நிறுத்து முடித்தார். கட்டிக் கொடுத்த பிறகுதான் பேசினார்.

"மேல காட்டுல நிறுத்திட்டா சோடாப் பெட்டிய எவன் சொமக்கறது?"

"நாஞ் சொமக்கறனுங்ணா," என்றான் வேடியப்பன்.

இறுதி ஆட்டத்தன்று பழனிசாமியின் ஜீப் முதல் ஆளாகக் கடவுக்குள் நுழைந்தது. சாலையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகிற இடத்தில், கோட்டின் முனையில் வேடியப்பன் அதை நிறுத்தச் செய்தான். ஜீப்பில் போட்டியின் கொடி கட்டியிருந்தது. சோடாப் பெட்டிகளைத் தோளில் வைத்து மைதானத்துக்குச் சுமந்து இறக்கிவிட்டு, ஓடி வந்து கடவில் நின்றான். முதலில் வந்த கார் சாலை ஓரத்தில் ஒதுங்கப் போனது. மேலே கொடியைப் பார்த்தது, உள்ளே திரும்பியது. பின்னால் வந்தவர்கள் யோசிக்கவில்லை.

இந்த முறை கையில் கோல் இல்லை. ஒவ்வொரு காரையும் நிறுத்தி ஒரே கேள்வி கேட்டான்.

"ஏனுங்க, ஆட்டம் பாக்க வந்தீங்களா, படகு உட வந்தீங்களா?"

ஆட்டத்துக்கு வந்தவர்கள் மேல்வரிசைக்குப் போனார்கள். மற்றவர்கள் எந்த நேரத்தில் வண்டி எடுக்க வருவார்களோ என்று, அவர்களுக்கு வெளிவழிக்குப் பக்கத்தில் இடம். ஒருவர், "நான் ஆட்டத்துக்கு, ஊட்டுக்காரி படகுக்கு" என்றார்.

"சாவி யாருகிட்டங்க இருக்கும்?"

"அவகிட்டத்தான்."

"அப்ப படகுக்காரங்க பக்கம் போங்க."

வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. வசந்த் தலையை வெளியே நீட்டி, அவன் கேட்பதற்கு முன்பே, "படகுக்குத்தாங்க. எவனுக்கும் குறுக்க இல்லாம ஒரு மூலையில போடுங்க. போன வாரம் வாங்கினதே இன்னும் காதுல இருக்கு," என்றார்.

இடம் நிறைந்ததும் நான் சாலையில் நின்று, பின்னால் வந்தவர்களை ஏற்காட்டுக்கே திருப்பி அனுப்பினேன். சிலர் திட்டினார்கள். சாலையில் நிறுத்தவில்லை, நிறுத்தினால் அவர்கள் மட்டும்தான் தனியாக நிற்க வேண்டியிருக்கும்.

ஆட்டம் சமமாக முடிந்து பெனால்டிக்குப் போனது. கம்பிவலை அதிர ஜனங்கள் கத்திக்கொண்டிருந்தபோது சாயங்கால பஸ் வந்தது. முன்னால் ஒரு சைக்கிள்கூட இல்லை. வேடியப்பன் கடவிலிருந்து இறங்கி வந்து பார்த்துக்கொண்டு நின்றான். பஸ் மைதான வாசலுக்கு நேராக வந்ததும் நின்றது. நடுச்சாலையில் நின்றது. எஞ்சினும் அணைந்தது.

மாதப்பன் ஸ்டியரிங்கில் கையை ஊன்றி எழுந்து நின்று, மைதானத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எல்லோரும் அந்தப் பக்க ஜன்னல்களில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பஸ்ஸே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பின்னால் எஸ்டேட் லாரி ஒன்று வந்து ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் ஒரு வேன்.

வேடியப்பன் டிரைவர் பக்கம் போனான்.

"ஏனுங்ணா, ஆட்டம் பாக்க வந்தீங்களா, ஊருக்குப் போறீங்களா?"

"ஒரே ஒரு கோலு வேடியா."

"ஆட்டம்னா காட்டுக்குள்ள கொண்டு போயி நிறுத்துங்க. ரோட்டுல நிறுத்தக் கூடாதுங்க."

ஜன்னலிலிருந்து அமுதவல்லி, "டிப்போவுக்கு நான் சொல்லிருவனுங்ணா, ரோட்ட அடச்சது யாருன்னு," என்றாள். பஸ்ஸே சிரித்தது. மாதப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து எஞ்சினைப் போட்டார். பஸ் வளைவு திரும்பும்போது மைதானத்தில் பெரிய கூச்சல் எழுந்தது. கடைசிப் பந்து உள்ளே போனதா, தடுத்துவிட்டார்களா என்று பஸ்ஸில் இருந்தவர்களுக்கு அன்றைக்குத் தெரியாது.

கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழ்வழியில் இறங்கிப் போயின. யாரும் யாருக்காகவும் நிற்கவில்லை. வசந்த்தின் கார்தான் கடைசி. அது போன பிறகுதான் வேடியப்பன் கிளம்ப முடிந்தது. அன்றைக்குச் சோடாப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஜீப்பிலேயே வந்ததால் மொபெட்டைப் பழனிசாமி கடையிலேயே விட்டிருந்தான். ஊருக்குப் போகிற ஒரே பஸ்ஸைத் தானே அனுப்பிவிட்டு, அவனும் நானும் டார்ச் அடித்துக்கொண்டு நடந்து வீடு போய்ச் சேர்ந்தோம். அமுதவல்லி எங்களுக்கு முன்பே வந்து களி கிண்டி வைத்திருந்தாள்.

அவள் இன்றைக்கும் அதே வேலைக்குத்தான் போகிறாள்.

கல்கட்டை மழைக்கு முன்னால் அவன் திரும்பக் கட்டினான். தரையில் பரப்பிய வரிசைப்படியே ஒவ்வொரு கல்லும் அதனதன் இடத்துக்குப் போனது. அப்பா கட்டியதற்கும் இவன் கட்டியதற்கும் வித்தியாசம் தெரியாது. கார் நின்ற இடங்களில் மண் இறுகிச் சாமை அந்த வருஷம் அங்கங்கே விட்டுவிட்டுத்தான் முளைத்தது. அதைப் பற்றி அவன் குறை சொல்லவில்லை.

இந்தக் கோடையில் போட்டி தொடங்குவதற்கு முந்தின வாரம் பழனிசாமிக்கு ஆள் விட்டுக் கூப்பிடத் தேவை வரவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு வேடியப்பன் போய்விட்டான். நானும் கல் தூக்கிக் கொடுக்கப் போனேன்.